சரிவில் ஒரு வீடு: பிளான் போடுவதற்கு முன்னால்

(மூன்றாம் ஆண்டு சிவில் மாணவன் எழுதியது)

'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்' என்று நம் பெரியவர்கள் சொன்னது சமவெளியை மனதில் வைத்துத்தான் என்று நினைக்கிறேன். மலைச் சரிவில் வீட்டைக் கட்டிப் பார் என்று சொல்லியிருந்தால் பாதிப் பேர் கல்யாணத்தோடு நிறுத்திக்கொண்டிருப்பார்கள்!

நண்பர்களே, நம்மில் பலர் குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பக்கத்திலிருந்து வருகிறோம். சமவெளியிலிருந்து வந்து படிப்பவர்களுக்கும் நாளைக்கு வால்பாறையிலோ கொடைக்கானலிலோ ஏற்காட்டிலோ வேலை கிடைக்கலாம். ஆகவே சரிவான நிலத்தில் ஒரு குடும்பத்துக்கு வீடு கட்டும்போது ஆரம்பத்திலேயே எடுக்க வேண்டிய முடிவுகள் என்னென்ன என்று இந்தக் கட்டுரையில் பார்ப்போம். மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல் நண்பர்கள் தயவுசெய்து பக்கத்தைத் திருப்ப வேண்டாம். நீங்களும் ஒருநாள் வீடு கட்டத்தான் போகிறீர்கள். அன்றைக்கு 'மாப்ளே, ஒரு ஐடியா சொல்லு' என்று எங்களிடம்தான் வருவீர்கள்!

ஏன் இந்தத் தலைப்பு?

எங்கள் தாத்தா 1964-ஆம் ஆண்டு ஸ்ரீமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து நீலகிரிக்கு வந்தவர். அங்கேயும் லயம், இங்கேயும் லைன் வீடு. மூன்று தலைமுறையாகத் தோட்டத்து வீட்டிலேயே இருந்துவிட்டு, இப்போதுதான் சொந்தமாக 6 சென்ட் நிலம் வாங்கியிருக்கிறோம். மேலே ரோடு. ரோட்டோரம் 12 மீட்டர் அகலம். அங்கிருந்து கீழ்நோக்கி 20 மீட்டர் இறங்குகிறது. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அதனால் அப்பா சொல்லிவிட்டார்: "நீதான் படிக்கிறியே, நீயே ஒரு பிளான் போடு."

பிளான் என்றதும் எல்லோரும் ஹால் எங்கே, பெட்ரூம் எங்கே என்றுதான் ஆரம்பிப்போம். வகுப்பிலும் டிராயிங் ஷீட்டை விரித்ததும் அதைத்தான் வரைகிறோம். சமவெளியில் அது சரி. சரிவில் அறைகளுக்கு முன்பாக முடிவு செய்ய வேண்டியவை இரண்டு: மழைத் தண்ணீர் எந்த வழியாகப் போகும்? எவ்வளவு மண்ணை வெட்டாமல் தப்பிக்கலாம்? இந்த இரண்டுக்கும் விடை தெரிந்தால் வீடு பாதி முடிந்த மாதிரி. தெரியாமல் கட்டினால், போட்ட காசும் போகும், சில சமயம் உயிரும் போகும்.

முதல் முடிவு: இங்கே கட்டலாமா, கூடாதா?

நம் மாவட்டத்துக்கு நிலச்சரிவு புதிதல்ல. 1978, 1990, 1993 ஆகிய ஆண்டுகளில் பெரிய சரிவுகள் நடந்தன. 2009 நவம்பரில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த மழையில் கேத்தியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் பதிவானது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியிலும் ஒரே நாளில் அதே அளவைத் தாண்டியது. சென்னைக்கு ஒரு வருடம் முழுக்கப் பெய்யும் மழையில் பாதிக்கு மேல் அது! ஒரு நாளில் அவ்வளவும் இறங்கினால் மண் என்ன ஆகும்?

கேரளாவில் நடந்ததையும் மறக்கக் கூடாது. 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு அருகே பெட்டிமுடியில் தோட்டத் தொழிலாளர் லயங்கள் மண்ணுக்குள் போயின. 70 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் நம்மைப் போன்ற தமிழ்க் குடும்பங்கள். 2024 ஜூலை 30 அதிகாலை வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை ஊர்கள் அழிந்தன. அங்கே மண் கிளம்பிய இடம் மேலே காட்டுக்குள். சேறும் பாறையும் ஆற்று வழியாகவே இறங்கிவந்து, சில கிலோமீட்டர் கீழே இருந்த வீடுகளை அடித்துக்கொண்டு போனது.

இதிலிருந்து நமக்குத் தெரிவது என்ன? ஓடைக்கரையில் கிடைக்கும் மட்டமான நிலம் பார்க்க அழகாக இருக்கும், விலையும் குறைவாக இருக்கலாம். ஆனால் அந்த மட்டத்தை உண்டாக்கியதே பழைய காலத்தில் மேலேயிருந்து வந்து படிந்த மண்ணாக இருக்கலாம். அப்படிப்பட்ட இடத்தில் எவ்வளவு கம்பி போட்டுக் கட்டினாலும் பிரயோஜனம் இல்லை. அங்கே எடுக்க வேண்டிய ஒரே முடிவு, கட்டாமல் இருப்பதுதான்.

நிலத்தை வாங்குமுன் நடந்து பார்த்தாலே தெரியும் அடையாளங்கள் சில:

1. மரங்களின் அடிப்பகுதி அரிவாள் மாதிரி வளைந்து பிறகு நேராகப் போகிறதா? மேல்மண் மெதுவாக நகர்ந்துகொண்டிருக்கலாம். சில்வர் ஓக் நிற்கும் தோட்டத்தில் இதைச் சுலபமாகப் பார்க்கலாம்.

2. கரண்ட் கம்பம், வேலிக்கல் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கின்றனவா?

3. தரையில் சரிவுக்குக் குறுக்காக வெடிப்பு ஓடுகிறதா?

4. வெயில் காலத்திலும் ஈரமாக, கோரைப்புல் முளைத்து ஒரு திட்டு இருக்கிறதா? அது ஊற்று. ஊற்றின் மேல் அஸ்திவாரம் போடக் கூடாது.

5. பக்கத்து வீட்டுத் தடுப்புச் சுவர் வயிறு தள்ளி நிற்கிறதா?

6. மேலே உள்ள சரிவு இரண்டு பக்கமும் உயர்ந்து நடுவில் குழிந்து நம் நிலத்தை நோக்கி வருகிறதா? வெயிலில் காய்ந்து கிடந்தாலும் மழையில் அதுதான் ஓடை.

மழைக்காலத்தில் ஒரு தடவை, வெயில் காலத்தில் ஒரு தடவை போய்ப் பார்ப்பது நல்லது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை 1:50,000 அளவில் நிலச்சரிவு அபாய வரைபடங்கள் தயாரித்திருக்கிறது. ஆனால் அந்த அளவில் நம் 6 சென்ட் ஒரு புள்ளியாகக்கூடத் தெரியாது. ஆகவே வரைபடத்தையும் பார்க்க வேண்டும், அந்த ஊரில் பிறந்து வளர்ந்த வயதானவர்களையும் கேட்க வேண்டும். 'பெருமழையில் தண்ணி எந்தப் பக்கம் வந்துச்சு?' என்ற ஒரு கேள்வி போதும்.

பிறகு மூன்று இடத்தில் குழி தோண்டிப் பார்க்க வேண்டும். நீலகிரியில் அடியில் இருப்பது சார்னோகைட் என்ற கெட்டிப் பாறை. ஆனால் அதற்கு மேல் மக்கிய பாறையும் செம்மண்ணும் பல மீட்டர் ஆழத்துக்கு இருக்கும். இந்தச் செம்மண் கோடையில் செங்குத்தாக வெட்டினாலும் கேக் மாதிரி நிற்கும். அதைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. மண் துகள்களுக்கு நடுவே தண்ணீர் நிரம்பினால் அது துகள்களை ஒன்றைவிட்டு ஒன்று தள்ளும். உராய்வு குறையும். மே மாதம் நின்ற அதே மண் நவம்பரில் நிற்காது.

இரண்டாவது: மட்டம் எடுப்பது

நிலத்தின் நீள அகலம் பத்திரத்தில் இருக்கும். ஏற்ற இறக்கம் எந்தப் பத்திரத்திலும் இருக்காது. அதை நாம்தான் எடுக்க வேண்டும். சர்வே பிராக்டிகலில் டம்பி லெவலும் ஸ்டாஃபும் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றுகிறோமே, 'இது எதுக்குடா' என்று அலுத்துக்கொள்கிறோமே, இதற்குத்தான்!

கருவி இல்லாவிட்டாலும் வழி உண்டு. கொத்தனார் வைத்திருக்கும் ட்யூப் லெவல் போதும். கண்ணாடி மாதிரி தெரியும் குழாயில் காற்றுக் குமிழ் இல்லாமல் தண்ணீர் நிரப்பி, இரண்டு குச்சியில் இரண்டு முனையையும் பிடித்தால், தண்ணீர் இரு முனையிலும் ஒரே மட்டத்தில் நிற்கும். இரண்டு குச்சியிலும் தரையிலிருந்து தண்ணீர் மட்டம் வரை அளந்தால், அந்த வித்தியாசம்தான் ஏற்ற இறக்கம். டேப்பைச் சரிவோடு படுக்க வைக்காமல் மட்டமாகப் பிடித்து 2 மீட்டருக்கு ஒரு புள்ளி என்று எடுத்து, ஒரே உயரத்தில் உள்ள புள்ளிகளைச் சேர்த்தால் சம உயரக் கோடுகள் கிடைத்துவிடும். இந்தக் கோடுகள்தான் காண்டூர். அவை நெருக்கமாக இருந்தால் செங்குத்து, அகலமாக இருந்தால் சாய்வு குறைவு. வீட்டை எங்கே வைப்பது என்று அந்தக் கோடுகளே பாதி சொல்லிவிடும்.

எங்கள் நிலம் 4 மீட்டர் போனால் 1 மீட்டர் இறங்குகிறது. அதாவது 25 சதவீதச் சரிவு, கோணத்தில் சுமார் 14 டிகிரி. 20 மீட்டரில் மொத்தம் 5 மீட்டர் இறக்கம். ஒன்றரை மாடி உயரம்!

மூன்றாவது: வீட்டை எந்தப் பக்கம் திருப்பி வைப்பது?

வீடு 9 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம் (சுமார் 30 அடிக்கு 20 அடி) என்று வைத்துக்கொள்வோம். 4-க்கு 1 சரிவில் மட்டம் செய்ய எவ்வளவு மண் வெட்ட வேண்டும்? பெரிய கணக்கு ஒன்றுமில்லை, முக்கோணத்தின் பரப்பளவுதான்.

முதல் வகை: நீளப் பக்கம் சரிவை நோக்கி இறங்குகிறது. 9 மீட்டரில் இறக்கம் 2.25 மீட்டர். அரை x 9 x 2.25 x 6 = 60.75 கன மீட்டர். பின்பக்க வெட்டு 2.25 மீட்டர் உயரம்.

இரண்டாம் வகை: அதே வீட்டைத் திருப்பி, நீளப் பக்கம் காண்டூர் கோட்டோடு படுக்கிறது. இப்போது 6 மீட்டரில் இறக்கம் 1.5 மீட்டர்தான். அரை x 6 x 1.5 x 9 = 40.5 கன மீட்டர்.

மூன்றாம் வகை: திருப்பியதோடு விடாமல் வீட்டை 3 மீட்டர் அகலமுள்ள இரண்டு படிகளாகப் பிரிக்கிறோம். ஒரு படிக்கு வெட்டு 0.75 மீட்டர். அரை x 3 x 0.75 x 9 = 10.125. இரண்டு படிக்கும் சேர்த்து 20.25 கன மீட்டர்.

பார்த்தீர்களா? வீட்டின் பரப்பளவு ஒரு சதுர அடிகூடக் குறையவில்லை. ஆனால் வெட்டும் மண் மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. தோண்டிய மண் உதிர்ந்து கால் பங்கு கூடும் என்று கணக்கு வைத்து, 2 யூனிட் டிப்பரில் ஏற்றினால், முதல் வகைக்கு 13 லோடுக்கு மேல் வரும். மூன்றாம் வகைக்கு நாலரை லோடு. டிப்பர் வாடகையை நீங்களே உங்கள் ஊர் ரேட்டில் பெருக்கிக்கொள்ளுங்கள்.

வாஸ்து பார்ப்பவர்கள் நிலம் வடகிழக்கில் தாழ்ந்திருக்க வேண்டும் என்பார்கள். எங்கள் நிலம் தென்மேற்கில் தாழ்ந்திருக்கிறது. மலையை நாம் திருப்ப முடியாது. வாசலை வேண்டுமானால் திருப்பலாம், அது இருப்பவர்களின் விருப்பம். வீட்டின் நீளப் பக்கத்தை மட்டும் காண்டூரோடு வைத்துவிட்டு மற்றதைப் பேசிக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

நான்காவது: போட்ட மண்ணை நம்பாதே

'மேலே வெட்டி அதையே கீழே கொட்டி மட்டம் பண்ணிட்டா ரெண்டு வேலை ஒண்ணா முடிஞ்சிடும்' என்று சொல்பவர்கள் உண்டு. மண் வெளியே போகாது, லாபம் மாதிரி தெரியும். ஆனால் வெட்டிய பகுதி காலங்காலமாக இறுகிய மண். கொட்டிய பகுதி உதிரி மண். இரண்டின் மேலும் ஒரே வீட்டை உட்கார வைத்தால், ஒரு பாதி அப்படியே நிற்கும், மறுபாதி மழைக்கு மழை இறங்கும். நடுவில் தரையிலிருந்து கூரை வரை வெடிப்பு விழும். பூசப் பூச அது திரும்ப வந்துகொண்டே இருக்கும்.

அதோடு, கீழே கொட்டிய மண் சரிவின் தலையில் ஏற்றிய சுமை. அது வழுக்கினால் கீழ் வீட்டுக்காரரின் சமையலறைக்குள் போகும். ஆகவே அஸ்திவாரம் எல்லா இடத்திலும் வெட்டுப்படாத இயற்கை மண்ணுக்குள் இறங்க வேண்டும். சரிவுக்குத் தகுந்தபடி படிப்படியாக இறங்கும் அஸ்திவாரம் போட்டு, அதை பிளிந்த் பீமால் சுற்றிக் கட்ட வேண்டும். கொட்டிய மண்ணில் தோட்டம் போடலாம், கீரை விதைக்கலாம். வீடு வேண்டாம்.

தூண் நிறுத்தி அதன் மேல் வீடு கட்டுவது இன்னொரு வழி. மண் வெட்டு மிகவும் குறையும். ஆனால் மேல்பக்கத் தூண் குட்டையாகவும் கீழ்பக்கத் தூண் நீளமாகவும் இருக்கும். பாதி நீளமுள்ள தூணுக்கு விறைப்பு 8 மடங்கு. நிலம் ஆடினால் அந்தக் குட்டைத் தூண்தான் பெரும்பங்கு விசையை வாங்கி முதலில் உடையும். எனவே இந்த வகைக்கு எஞ்சினியர் டிசைன் கட்டாயம் வேண்டும். கொத்தனாரின் கைக்கணக்கு போதாது.

ஐந்தாவது: தடுப்புச் சுவரின் உயரம்

ரீட்டெய்னிங் வால் பற்றி நாம் படிக்கும் ஒரே ஒரு சூத்திரத்தை ஞாபகம் வைத்தால் போதும். மண் தள்ளும் விசை, சுவர் உயரத்தின் வர்க்கத்தைப் பொறுத்துக் கூடும். கவிழ்க்கும் திருப்புத்திறன் உயரத்தின் கனத்தைப் பொறுத்துக் கூடும்.

சாதாரண மண்ணுக்கு உராய்வுக் கோணம் 30 டிகிரி, அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு 18 கிலோநியூட்டன் என்று எடுத்துக்கொள்வோம். 1.5 மீட்டர் சுவரில் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் வரும் தள்ளு 6.75 கிலோநியூட்டன், அதாவது 700 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. 3 மீட்டர் சுவருக்கு 27 கிலோநியூட்டன், கிட்டத்தட்ட இரண்டே முக்கால் டன். உயரம் இரண்டு மடங்கு, தள்ளு நான்கு மடங்கு, கவிழ்க்கும் திருப்புத்திறன் எட்டு மடங்கு! ஆகவே ஒரு பெரிய சுவரைவிட, நடுவில் இடம் விட்டு இரண்டு சின்னச் சுவர்கள் நல்லது. ஆனால் கீழ்ச் சுவரின் தலையிலேயே மேல்ச் சுவரை ஏற்றிவிட்டால் அது ஒரே சுவர் மாதிரிதான். இடைவெளி முக்கியம்.

இன்னொன்று. இந்தக் கணக்கு காய்ந்த மண்ணுக்கு. அதே 3 மீட்டர் சுவருக்குப் பின்னால் தண்ணீர் நிரம்பி வெளியேற வழியில்லாமல் நின்றால், தண்ணீரின் அழுத்தமும் சேர்ந்து மொத்தம் ஐந்தரை டன்னைத் தாண்டிவிடும். இரண்டு மடங்குக்கும் மேல்! மழையில் சுவர் விழுந்த செய்தி வரும்போதெல்லாம் 'சிமெண்ட் கம்மி' என்று பேசிக்கொள்கிறோம். பல இடங்களில் கம்மியாக இருந்தது சிமெண்ட் அல்ல, ஓட்டை. 75 அல்லது 100 மில்லிமீட்டர் குழாயை ஒன்றரை மீட்டருக்கு ஒன்றாக, வெளிப்பக்கம் சற்றுச் சாய்த்து வைத்து, சுவருக்குப் பின்னால் ஜல்லி நிரப்ப வேண்டும். இதுதான் வீப் ஹோல். அழகு கெடுகிறது என்று அதை அடைத்துப் பூசுவதைவிட ஆபத்தான வேலை வேறில்லை. மலைப்பகுதித் தடுப்புச் சுவர்களுக்கென்றே ஐ.எஸ். 14458 என்ற தரநூல் வந்திருக்கிறது. நம் நூலகத்தில் கேட்டுப் படியுங்கள்.

வீட்டுச் சுவரையே தடுப்புச் சுவராக்குவதும் கூடாது. வெட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே 1 முதல் 1.5 மீட்டர் இடம் விட்டால், வெளிச்சம் வரும், வாய்க்கால் ஓடும், சுவரில் ஓதம் ஏறாது. நம் ஊர்ப் பனிக்கு ஓதம் ஏறிய அறையில் துணிகூடக் காயாது, குழந்தைகளுக்கு இருமலும் விடாது.

ஆறாவது: தண்ணீருக்கு முதலில் வழி விடு

எங்கள் தாத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இலங்கைத் தோட்டத்தில் கான் வெட்டியவர். கான் என்றால் தேயிலைக்கு நடுவே மழைத் தண்ணீர் போக வெட்டும் வாய்க்கால். நிலத்தைப் பார்க்கப் போன அன்றைக்கு அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "ரோட்டுத் தண்ணி எங்கே போவுது?" ஹைட்ராலிக்ஸ் புத்தகம் முழுவதையும் புரட்டினாலும் அந்த நிலத்துக்கு அதைவிட நல்ல கேள்வி எனக்குக் கிடைக்கவில்லை.

ரோடு மேலே இருந்தால் ஒரு வசதி உண்டு. செங்கல், சிமெண்ட், ஜல்லி எல்லாம் இறக்கத்தில் வரும், தலைச்சுமைக் கூலி குறையும். ஆனால் ரோட்டில் விழும் மழை முழுவதும் நம் வாசல் வழியாகத்தான் இறங்கும். வீட்டின் தலைக்கு மேலே குறுக்காக ஒரு கான் வெட்டி, தண்ணீரை இரண்டு பக்கமும் திருப்பிவிட வேண்டும். ரோட்டை ஒட்டி ஆழமாக வெட்டினால் ரோட்டின் காலையே வெட்டுகிறோம் என்பதையும் மறக்கக் கூடாது. ரோடு கீழே இருந்தால் கதை வேறு. தண்ணீர்த் தொல்லை குறைவு, ஆனால் பொருளெல்லாம் தலைச்சுமையாக மேலேற வேண்டும், வெட்டு மேட்டுக்கு அடியில் வீடு உட்கார நேரும்.

கூரைத் தண்ணீரையும் கணக்குப் பாருங்கள். 54 சதுர மீட்டர் கூரையில் ஒரு நாளில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் 5,400 லிட்டர். அதைக் கூரை ஓரத்திலிருந்து அப்படியே விட்டால் அஸ்திவாரத்தைத் தோண்டும். குழாயில் பிடித்துத் தொட்டிக்கு விட வேண்டும். மிச்சத்தைக் கல் பாவிய வாய்க்காலில் படிப்படியாக இறக்கி இயற்கை ஓடையில் சேர்க்க வேண்டும். பக்கத்து வீட்டு எல்லையில் விட்டுவிடுவது நியாயமும் இல்லை, பாதுகாப்பும் இல்லை.

கழிவறை, செப்டிக் டேங்க் இடமும் ஆரம்பத்திலேயே முடிவாக வேண்டும். டேங்க் கழிவறையைவிடத் தாழ்வில் இருந்தால் கழிவு தானாகப் போகும். உறிஞ்சு குழியை தடுப்புச் சுவருக்கு மேல்பக்கம் தோண்டினால், மழை இல்லாத நாளிலும் நாமே சுவருக்குப் பின்னால் தண்ணீர் ஊற்றுகிறோம் என்று அர்த்தம். கீழே யாருடைய கிணறோ ஊற்றோ இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

ஏழாவது: இப்போது அறைகள்

இவ்வளவுக்கும் பிறகுதான் ஹாலும் பெட்ரூமும் வருகின்றன. இங்கே எனக்கு வீட்டில் இரண்டு சிக்கல் வந்தது.

ஒன்று, அப்பாயி. அவருக்கு முழங்கால் வலி. வீட்டை இரண்டு படியாகப் பிரித்தால் நடுவில் 0.75 மீட்டர், அதாவது 15 சென்டிமீட்டர் உயரத்தில் 5 படிக்கட்டு வரும். மண் கணக்குக்கு அது லாபம், அப்பாயிக்கு அது தண்டனை. அதனால் வாசல், ஹால், சமையலறை, கழிவறை, அவர் கட்டில் போடும் இடம் எல்லாம் மேல் மட்டத்திலேயே. எங்களுடைய படுக்கையறை இரண்டும் கீழ் மட்டத்தில். வயதானவர் அன்றாடம் படி இறங்காமல் இருக்க முடியுமா என்று பார்த்த பிறகே ஸ்பிளிட் லெவல் போட வேண்டும்.

இன்னொன்று, அப்பா. அவருக்கு ஜே.சி.பி. வைத்து முழு நிலத்தையும் மைதானம் மாதிரி மட்டம் செய்ய ஆசை. "லைன் வீட்டுல ஒரு விசேஷம்னா நாலு பேரை உக்கார வைக்க இடமில்ல. சொந்த வீட்டுலயும் அப்படித்தானா?" என்று கேட்டார். இதற்கு எந்தச் சூத்திரத்தில் பதில் சொல்வது? அவர் கேட்பது மட்டமான நிலமல்ல, வந்தவர்களை உட்கார வைக்கும் மரியாதை.

அதனால் காண்டூரைத் திரும்பப் பார்த்தேன். ரோட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே, ரோட்டு ஓரத்திலிருந்து 1 மீட்டர் தள்ளி, கோட்டோடு கோடாக 12 மீட்டர் நீளத்துக்கு இரண்டரை மீட்டர் அகல முற்றம். அந்த அகலத்தில் இறக்கம் 0.6 மீட்டர்தான். முழங்காலுக்குச் சற்று மேலே வரும் ஒரு கல் சுவர் போதும். அகலம் குறைவு, நீளம் அதிகம். பந்திக்கு நீளம்தானே வேண்டும்? எதிரெதிராக இரண்டு வரிசை இலை போட்டால் ஒரு பந்திக்கு 40 பேர் உட்காரலாம். இதைச் சொன்னதும் அப்பா டேப்பை எடுத்துக்கொண்டு நிலத்துக்குப் போய்விட்டார். ஜே.சி.பி. பேச்சு இன்னும் முழுசாக நிற்கவில்லை, ஆனால் குறைந்திருக்கிறது!

கட்டட நுணுக்கம் தெரிந்தால் மட்டும் போதாது, வீட்டு ஆட்கள் எதற்காக ஒன்றைக் கேட்கிறார்கள் என்று தெரிந்தால்தான் அதற்கு வேறு வழி காட்ட முடியும் என்பதை இதில் கற்றுக்கொண்டேன்.

எட்டாவது: எது முன்னால், எது பின்னால்?

நம் வீடுகளில் பணம் ஒரே தவணையில் வருவதில்லை. சீட்டுப் பணம், நகைக் கடன், பி.எஃப். என்று துண்டு துண்டாக வரும். அதனால் வேலையின் வரிசை மிக முக்கியம். முதலில் மேல் கான். அடுத்து தடுப்புச் சுவர். அதற்குப் பிறகு அஸ்திவாரம். சுவருக்கான பணத்தைத் தனியாக எடுத்து வைத்துவிட்டுத்தான் வீட்டின் அளவையே முடிவு செய்ய வேண்டும். டைல்ஸ் அடுத்த வருடம் போடலாம், கான் அடுத்த வருடம் வெட்ட முடியாது.

பருவமும் பார்க்க வேண்டும். கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழை. குன்னூர், கோத்தகிரி பக்கம் அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை. மண் வேலையை ஜனவரியில் ஆரம்பித்து, மழைக்கு முன் சுவரை முடித்துவிட வேண்டும். வெட்டிய மேட்டைத் திறந்தபடி விட்டு ஒரு மழைக்காலத்தைத் தாண்டக் கூடாது. பணம் போதாவிட்டால் அந்த வருடம் வெட்டாமல் இருப்பதே நல்லது. மேலே நிற்கும் தேயிலையையும் மரத்தையும் பிடுங்க வேண்டாம். அவற்றின் வேர் மண்ணைப் பிடித்திருக்கிறது.

அனுமதி விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். மலைப்பகுதிக்குச் சமவெளியைவிடக் கடுமையான விதிகள் உண்டு. கட்டட உயரத்துக்கும் வரம்பு உண்டு. நீலகிரியில் அனுமதி இல்லாமல் ஜே.சி.பி. வைத்து மண் வெட்டக் கூடாது. வரைபடம் போடுமுன் ஊராட்சி அல்லது நகராட்சி அலுவலகத்தில் இன்றைய விதியைக் கேட்டுத் தெரிந்துகொள்வது, போட்ட பிறகு அலைவதைவிட எவ்வளவோ மேல்.

முடிவாக

சரிவில் வீடு கட்டுவது பயப்பட வேண்டிய விஷயமல்ல. சுருக்கமாகச் சொன்னால்: ஓடையையும் ஊற்றையும் விட்டு விலகு. காண்டூர் எடு. நீளப் பக்கத்தைக் கோட்டோடு வை. குறைவாக வெட்டு, வெட்டியதைத் தாங்கு. கொட்டிய மண்ணில் அஸ்திவாரம் போடாதே. தண்ணீருக்கு வழி விடு. கடைசியாக அறைகளை வரை.

நண்பர்களே, நாம் படித்து முடித்து வெளியே போனதும் முதலில் நம்மைத் தேடி வரப்போவது பெரிய கம்பெனி அல்ல. நம் சொந்தக்காரர்களும் தெருக்காரர்களும்தான். 'தம்பி, நம்ம இடத்தை ஒரு தடவை வந்து பாரு' என்பார்கள். பல பேருக்கு அது வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை கட்டும் வீடு. அன்றைக்கு டிராயிங் ஷீட்டோடு போகாமல், ட்யூப் லெவலோடும் மம்பட்டியோடும் போவோம். அந்த ஊர்ப் பெரியவர் ஒருவரையும் கூட அழைத்துக்கொள்வோம்.